பைலட்டுக்குப் படித்தவன் வாத்தியார் வேலைக்குப் போகலாமா? காசிமேட்டு அப்பா ஒருவருக்கு

அண்ணனுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கல்மண்டபத்தில் என் அலுவலகத்துக்கு வந்து, தம்பிக்கு, அதாவது உங்கள் பையனுக்கு, விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்த வேலைக் கடிதத்தை மேசைமேல் வைத்தீர்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "பைலட்டுக்குப் படிக்க வச்சேன், வாத்தியார் வேலைக்குக் கூப்பிடுறாங்க. இது ஏத்தமா, எறக்கமா?" அன்றைக்கு உங்களுக்கு அவசரம். எனக்கும் அடுத்த ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தை நிதானமாக இரண்டு முறை படித்துவிட்டு இதை எழுதுகிறேன். தம்பியும் படிக்கட்டும்.

ஏத்தமா எறக்கமா என்பதை முதலில் முடித்துவிடலாம். பறக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை தோற்றவன் செய்யும் வேலை இல்லை. 1930இல் தொடங்கிய மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் காலத்திலிருந்து இன்றுவரை, ஏர்பஸ் ஓட்டுகிற எந்த கேப்டனும் முதலில் செஸ்னா மாதிரி ஒரு சின்னப் பயிற்சி விமானத்தில் ஒரு வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்தான். மாணவன் இடது சீட்டில், வாத்தியார் வலது சீட்டில். அப்படிச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பறந்த நேரத்தைப் பதியும் தம்பியின் லாக் புக்கில், விமானத்துக்குப் பொறுப்பான பைலட்டாகப் பறந்த நேரமாக ஏறும். வீட்டில் உட்கார்ந்து நேர்முகத் தேர்வுக்குக் காத்திருப்பவன் அந்த நேரத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்று. தம்பி அன்று எனக்குக் காட்டிய வீடியோக்கள் எல்லாம் அமெரிக்காவில் எடுத்தவை. "1,500 மணி நேரம் இன்ஸ்ட்ரக்டராக இரு, ஏர்லைன் தானாக வந்து கூப்பிடும்" என்று அதில் சொல்கிறார்கள். அது அவர்கள் ஊர்ச் சட்டம். 2009இல் அங்கே நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு, 2013 முதல் துணை விமானிக்கே பெரும்பாலும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அதனால்தான் அங்கே பிள்ளைகள் வாத்தியார் வேலையை ஏணியாக வைத்து ஏறுகிறார்கள். இங்கே 200 மணி நேரத்தில், சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான கமர்ஷியல் லைசென்ஸ். அதற்கு மேல் ஏர்லைன் வைக்கும் தேர்வும், குறிப்பிட்ட ஒரு பெரிய விமான வகையை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் என்ற தகுதியும்தான் கதவு. வாத்தியாராக 800 மணி நேரம் பறந்தாலும் அந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். கை மறக்காமல் இருக்கும், நேர்முகத்தில் பேச்சில் ஒரு தெளிவு இருக்கும், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்ல வேலை. தெரியாமல் போனால் இரண்டு வருஷம் கழித்து என்மேல் கோபப்படுவான்.

இப்போது சம்பளம். கடிதத்தில் மாதம் 25,000 நிலையான தொகை, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1,000 ரூபாய் என்று இருக்கிறது. மாதம் 60 மணி நேரம் பறந்தால் 85,000. அன்று நீங்களும் தம்பியும் பேசிக்கொண்டது அந்த 85,000ஐப் பற்றி மட்டும்தான்.

அண்ணே, உங்களுக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விசைப்படகில் டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தில்தான் பங்கு. மீன் இல்லாவிட்டால் பங்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும், வீட்டுச் செலவு நிற்காது. விமானத்துக்கும் தடைக்காலம் உண்டு. அதற்கு அரசாங்கம் தேதி போடாது, நிவாரணமும் தராது. இந்தப் பள்ளி இருக்கும் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, டிசம்பர் ஜனவரியில் காலைப் பனிமூட்டம். தூரம் தெளிவாகத் தெரியாமல், கண்ணால் பார்த்துப் பறக்கும் பயிற்சிக்கு விமானம் கிளம்பாது. மே மாதம் வானம் பளிச்சென்று இருக்கும். ஆனால் பதினொரு மணிக்கு மேல் வெப்பத்தில் சின்ன விமானம் தூக்கிப் போடும், காற்று அடர்த்தி குறைந்து எஞ்சினும் இழுக்காது. புது மாணவனை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் பறக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

அப்படி ஒரு மாதத்தில் 12 மணி நேரம்தான் பறந்தான் என்று வையுங்கள். கையில் வருவது 37,000. உங்கள் கல்விக் கடன் தவணை 44,000. படகில் இருந்த உங்கள் பாதிப் பங்கை விற்றது போக மீதிக்கு வாங்கிய கடன் அது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆனதும் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா, வானம் தெளிந்ததா என்று வங்கி கேட்காது. ஆகவே பள்ளிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, போன ஆகஸ்டில் அவர்களுடைய இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார் என்பதுதான். நல்ல மாதத்தின் கணக்கை எல்லோருமே சொல்வார்கள்.

எண்ணிக்கையில் வராத நேரமும் இருக்கிறது. விடிவதற்கு முன் எழ வேண்டும். விமானத் தளத்துக்குப் போனதும் மது அருந்தவில்லை என்று ஊதிக் காட்ட வேண்டும். (அம்மாவிடம் சொல்லுங்கள், வேலைக்குப் போகும் நாளில் இருமல் டானிக், வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் கூடாது. அதில் இருக்கும் ஆல்கஹாலே வேலைக்கு உலை வைக்கும்.) அப்புறம் வானிலை பார்ப்பது, மாணவனுக்கு அன்றைய பாடத்தை விளக்குவது, விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பது, டேங்க்கின் அடியிலிருந்து எரிபொருளைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. இறங்கிய பிறகு தப்புகளைச் சொல்லிப் புரியவைப்பது, பதிவேடு எழுதுவது. நாலு பேரோடு நாலு மணி நேரம் பறந்தால் தரையில் இன்னும் ஐந்தாறு மணி நேரம் போகும். கடிதப்படி அதற்குத் தனியாக ஒரு பைசா கிடையாது. எஞ்சின் ஓடும்போது ஓடும் மீட்டர்தான் சம்பளத்துக்குக் கணக்கு. மேகம் விலகட்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரமும் அவன் வேலையில் இருக்கும் நேரம்தான், ஆனால் சம்பளத்தில் வராது. இந்தத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து புலம்புவதில் முக்கால்வாசி இதுதான்.

செஸ்னா 152 போன்ற விமானத்தில் இரண்டு பேர் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும். ஏசி கிடையாது. புதிதாகக் கற்பவன் தரையில் இறக்கும் ஒவ்வொரு முறையும் வாத்தியாரின் கை கன்ட்ரோலுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மாணவன் தப்பு செய்யவும் விட வேண்டும், அது ஆபத்தாகும் நொடிக்கு முன்னால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி வாங்கிக்கொள்ளவும் வேண்டும். தரைக்குப் பக்கத்தில் வேகம் குறைந்து விமானம் சரிந்தால் மீட்டெடுக்க உயரமே இருக்காது. அன்றைய நாலாவது மாணவனோடு, மதியம் சாப்பிடாமல், இதைச் செய்வது வேறு மாதிரி வேலை. ஏர்லைன் பைலட்டுகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக, விமானத் துறையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ உயர்த்தியதைப் பற்றி நாடே பேசியது. பயிற்சிப் பள்ளி வாத்தியாரின் ஓய்வைப் பற்றி டீக்கடையில் யாரும் பேசுவதில்லை. வாரத்தில் ஒரு முழு நாள் விடுப்பு உண்டா, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம் பறக்கச் சொல்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இந்தக் கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காதது ஒன்று இருக்கிறது. எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் காசிமேட்டில் எந்தப் படகு முதலாளியும் "போய்ட்டு வா, ஒண்ணும் ஆவாது" என்று ஆட்களை அனுப்ப மாட்டார். அனுப்பினால் ஊரே கேட்கும். விமானப் பள்ளியில் அந்தக் கூண்டை ஏற்றுவது யார்? விதிப்படி சீஃப் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் பொறுப்பாளி, விமானத்துக்குள் பொறுப்பு உங்கள் பையன். ஆனால் மாணவன் பாதிப் பயிற்சியில் மாதக்கணக்கில் காத்திருப்பான், அவன் அப்பா தினமும் போன் செய்வார், நிர்வாகத்துக்குக் கட்டணப் பணம் நகர வேண்டும். அந்தக் காலையில் 22 வயதுப் பையன் "இன்றைக்கு வேண்டாம் சார்" என்றால் என்ன ஆகும்? அவன் சம்பளமும் பறந்தால்தான் வரும் என்றால், வேண்டாம் என்று சொல்ல அவன் நாக்கே எழாது. நிலையான தொகை கூடுதலாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உங்கள் தவணை மட்டும் இல்லை, இதுவும்தான். 25,000 + 1,000 என்பதை 45,000 + 650 என்று மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். 60 மணி நேரம் பறந்தால் 84,000, பள்ளிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 12 மணி நேர மாதத்தில் 52,800 வரும். தவணை கட்டலாம், பையன் தைரியமாக வேண்டாம் என்றும் சொல்லலாம்.

இதை நேரில் போய்ப் பார்த்துவிட முடியும். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் இன்ஸ்ட்ரக்டர் ஒருவரைத் தனியாக டீ குடிக்கக் கூப்பிட்டு, "கடைசியாக நீங்கள் எப்போது ஒரு பறப்பை ரத்து செய்தீர்கள், அதற்கு யார் என்ன சொன்னார்கள்?" என்று தம்பி கேட்கட்டும். பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் சுற்றும் முற்றும் பார்க்கிறாரா என்று கவனிக்கட்டும்.

அதோடு விமானங்களை நிறுத்தும் ஹேங்கரையும் பார்க்க வேண்டும். பட்டியலில் பத்து விமானம் இருக்கும், எஞ்சினுக்கும் உதிரிப் பாகத்துக்கும் காத்துக்கிடப்பவை போகப் பறப்பது நாலாக இருக்கும். வார்ஃபில் கட்டிக்கிடக்கும் படகை எண்ணி யாரும் மீன் கணக்குப் போடுவதில்லையே. பயிற்சிப் பள்ளிகளை டிஜிசிஏ இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை தரவரிசைப்படுத்துகிறது. அதையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

இன்னொன்று, தம்பி சேர்ந்த உடனே முழு வாத்தியார் ஆகிவிட மாட்டான். லைசென்ஸ் போதாது, சொல்லிக்கொடுப்பதற்கென்று ரேட்டிங் என்ற தனித் தகுதி வேண்டும். முதலில் அசிஸ்டன்ட் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர். மூத்தவர் மேற்பார்வையில்தான் சொல்லிக்கொடுக்கலாம், மாணவனை முதல் முறையாகத் தனியே அனுப்பும் முடிவு அவன் கையில் இருக்காது. மேற்பார்வைக்கு அங்கே எத்தனை மூத்தவர்கள் இருக்கிறார்கள்? ஒரே ஒருவர் என்றால், அவர் வேறு இடம் போகும் நாளில் தம்பியின் மீட்டரும் நிற்கும்.

அந்த ரேட்டிங் பயிற்சியை இலவசமாகத் தருகிறோம், பதிலுக்கு இரண்டு வருஷ பாண்ட், நடுவில் விலகினால் 5 லட்சம் என்று கடிதம் சொல்கிறது. பாண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்களும் செலவு செய்கிறார்கள். ஆனால் ஒன்றரை வருஷம் வேலை செய்தவனும் ஒரே மாதத்தில் ஓடியவனும் அதே 5 லட்சம் கட்ட வேண்டும் என்பது நியாயம் இல்லை. மாதா மாதம் குறைந்துகொண்டே வர வேண்டும். ஏர்லைனில் வேலை கிடைத்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதும் தெளிவாக இல்லை. அசல் மதிப்பெண் சான்றிதழ், லைசென்ஸ், லாக் புக் எதையும் "பாதுகாப்புக்காக" என்று வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். பறந்த நேரத்தை மாதா மாதம் பள்ளியிடம் கையெழுத்து வாங்கி, டிஜிசிஏ தளத்திலும் ஏற்றிவிட வேண்டும். விலகும் நாளில் 600 மணி நேரத்துக்கு மொத்தமாகக் கையெழுத்து கேட்டு நிற்பவனை எப்படி இழுத்தடிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், கடிதத்தில் ஊழியர் என்ற சொல்லே இல்லை. "ஆலோசகர்" என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் பிஎஃப் கிடையாது, 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அந்த வரியை ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம், அது பெரிய விஷயம் இல்லை. காப்பீடுதான் பெரிய விஷயம். நீங்கள் தம்பி பெயரில் எடுத்திருக்கும் விபத்துப் பாலிசியை எடுத்துப் படியுங்கள். இந்த வகைப் பாலிசிகள் பொதுவாக டிக்கெட் வாங்கி விமானத்தில் பயணம் செய்பவருக்குத்தான் பொருந்தும், ஓட்டுபவருக்குப் பொருந்தாது. விமானியாக இருப்பதைச் சொல்லி, அதற்கென்று கூடுதல் பிரீமியம் கட்டி எடுத்த பாலிசி வேண்டும். பள்ளி எடுத்துத் தருகிறதா, தொகை எவ்வளவு, உடல் தகுதி போய் லைசென்ஸ் நிறுத்தப்பட்டால் ஏதாவது உண்டா என்று கேளுங்கள். வருஷா வருஷம் மெடிக்கல் இருக்கிறது. காது கேட்கும் திறனும் அதில் பார்ப்பார்கள், நல்ல ஹெட்செட்டுக்குக் காசு பார்க்க வேண்டாம்.

அக்கா அன்று வாசலிலேயே நின்று, "மெட்ரோலதான் நேரா மீனம்பாக்கம் போயிடலாமே, அங்கேயே வேலை இல்லையா?" என்று கேட்டார். விம்கோ நகரில் ஏறினால் ஒரே வண்டியில் விமான நிலையம் போகலாம்தான். ஆனால் பெரிய விமானங்கள் வரிசையாக இறங்கும் இடத்தில் சின்ன விமானத்துக்கு நேரம் கிடைக்காது. பயிற்சிப் பள்ளிகள் மகாராஷ்டிராவின் கோண்டியா, உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்ச், நம் சேலம் மாதிரி ஊர்களில்தான் இருக்கின்றன. தங்கும் இடமும் சாப்பாடும் பள்ளி தருகிறதா என்பது சம்பளத்தில் கால்வாசி மதிப்பு. இந்தக் கடிதத்தில் "தங்குமிடம் ஏற்பாடு செய்யப்படும்" என்று இருக்கிறது, வாடகை யார் தருவது என்று இல்லை.

என் முடிவைக் கேட்டால், போகட்டும். நிலையான தொகையை உயர்த்தி, பாண்டை மாதக் கணக்காக மாற்றி, வார விடுப்பையும் காப்பீட்டையும் எழுத்தில் கொடுத்தால் போகட்டும். பாண்ட் மாறாவிட்டால் போக வேண்டாம், இன்னும் ஆறு மாதம் ஏர்லைன் தேர்வுக்குப் படிக்கட்டும். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். எதுவானாலும், வாத்தியார் ஆகிவிட்டோம் என்று ஏர்லைன் தேர்வுப் புத்தகத்தைப் பரணில் போடக்கூடாது. மழைக்காலம் படிப்பதற்குத்தான்.

கேள்விகளை அவனே மின்னஞ்சலில் அனுப்பட்டும், நீங்கள் போன் செய்ய வேண்டாம். அப்பா பேசினால் பையனை மதிக்க மாட்டார்கள். பதில் வந்ததும் அச்செடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். ஞாயிறு காலை உங்களுக்கு ஏலம் இருக்கும், மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். காப்பீட்டுப் பாலிசியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.