பம்ப்பை மாற்றும் முன் அந்த ஓ-ரிங்கைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2005 மாடல் ஹோண்டா அக்கார்ட், 2.4 லிட்டர் பெட்ரோல். காலையில் ஸ்டார்ட் செய்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஊளையிடுவது போல் சத்தம். பத்து நிமிடம் ஓட்டினால் குறைந்துவிடுகிறது. தரையில் ஆயில் ஒழுக்கு இல்லை. பவர் ஸ்டீயரிங் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: பொறுங்கள், இப்போதே பம்ப் வாங்காதீர்கள். குளிர்ந்திருக்கும்போது மட்டும் சத்தம், ஆனால் ஒழுக்கு இல்லை என்கிறீர்களே, அதுதான் துப்பு. பம்ப் தேய்ந்திருந்தால் சூடான பிறகும் பெரும்பாலும் விடாமல் கத்தும்.

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் பவர் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் முதல் காரணம் அதுதான். அளவு சரியாக இருந்தும் ஆயில் நுரைத்தால் எங்கிருந்தோ காற்று போகிறது, அந்தக் காற்றுதான் பம்ப்புக்குள் மாட்டிக்கொண்டு ஊளையிடுகிறது.

டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் கெட்டுப்போனால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். உங்கள் தரை காய்ந்திருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த ஹோஸ் பம்ப்பில் சேரும் இடத்தில் ஓ-ரிங் என்கிற ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது, அந்தக் கால அக்கார்டுகளில் அது இறுகிச் சுருங்கிப்போவது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பழகிய கதை. குளிரில் இடைவெளி விட்டுக் காற்றை விடும், சூடானால் கொஞ்சம் விரிந்து அடைத்துக்கொள்ளும். பம்ப் விலைக்குப் பக்கத்தில் வைத்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. இரண்டு போல்ட்டைக் கழற்றினால் வேலை முடிந்தது. அந்த ஹோஸின் கிளாம்ப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஊளை இல்லாமல் கிரீச்சென்று கேட்டால் அது வேறு விஷயம், பெல்ட். ஓடும் பெல்ட்டில் தள்ளி நின்று கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சத்தம் சட்டென மாறும். முழு லாக்கில், அதாவது ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை திருப்பும்போது மட்டும் வரும் லேசான உஸ்ஸுக்குப் பயப்பட வேண்டாம்.

ஆயில் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். அந்தக் கால டொயோட்டாக்கள் பலவற்றில் டெக்ஸ்ரான் ஏடிஎஃப் என்கிற சிவப்பு நிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைத்தான் ஊற்றுவார்கள், அந்தப் பழக்கத்தில் எல்லா வண்டிக்கும் அந்தச் சிவப்பு ஆயிலையே ஊற்றிவிடும் கைகள் உண்டு. உங்கள் வண்டிக்கு ஹோண்டாவின் சொந்த பவர் ஸ்டீயரிங் ஆயில்தான். ஏடிஎஃப் ஊற்றினால் சீல்கள் கெடும்.

ரிங் மாற்றியதும் காற்றை வெளியேற்ற வேண்டும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து, இன்ஜினை ஓட்டாமலே இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை பதினைந்து இருபது தடவை மெதுவாகத் திருப்புங்கள், குறையக் குறைய ஆயில் ஊற்றுங்கள், அப்புறம் ஸ்டார்ட் செய்து அதையே சில தடவை செய்யுங்கள். லாக்கில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள், பம்ப் சூடாகிவிடும்.

நுரை முழுக்கப் போன பிறகும் ஊளை நிற்கவில்லையா? சரி, மெக்கானிக் சொன்னபடி பம்ப்பை மாற்றுங்கள். ஆனால் புது ஓ-ரிங் போடச் சொல்லி பக்கத்திலேயே நில்லுங்கள். பழையதையே மாட்டிவிட்டால் புதுப் பம்ப்பும் மறுநாள் காலையில் ஊளையிடும்.