எல்லி டி லா குரூஸை 2026-இல் நம்பி எடுக்கலாமா? கேள்வி பதில்

ஃபேன்டஸி பேஸ்பால் என்பது நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்களின் நிஜ எண்களை வைத்துப் போட்டி போடும் விளையாட்டு. அதற்கான டிராஃப்ட், அதாவது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள், நெருங்குகிறது. எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றித்தான்: அமெரிக்க மேஜர் லீக் அணியான சின்சினாட்டி ரெட்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நின்று தடுப்பவர்) எல்லி டி லா குரூஸ். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். அவருடைய எண்கள் முதலில். ஹோம் ரன் என்பது பேட்டர் ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வந்து ரன் எடுப்பது, பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து. ஸ்டீல் என்பது யாரும் பந்தை அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது. சராசரி என்பது பேட்டிங் வாய்ப்புகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்பது. 2023-இல் 98 ஆட்டம், 13 ஹோம் ரன், 35 ஸ்டீல், சராசரி .235. 2024-இல் 160 ஆட்டம், 25 ஹோம் ரன், 67 ஸ்டீல், .259. 2025-இல் 162 ஆட்டம், 22 ஹோம் ரன், 37 ஸ்டீல், .264. வயது இப்போது 24.

கேள்வி: அண்ணா, 12 அணி ரோட்டோ லீக்கில் (ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி கூட்டும் முறை) எனக்கு ஆறாவது பிக், அதாவது ஆறாவதாகத் தேர்ந்தெடுக்கும் முறை. எல்லி மிச்சம் இருந்தால் எடுக்கலாமா? போன வருடம் ஆகஸ்ட், செப்டம்பரில் அவரை வைத்துக்கொண்டு படாத பாடு பட்டேன்.

பதில்: எடுங்கள் தம்பி. பட்ட பாடு எனக்கும் தெரியும், என் அணியிலும் அவர்தான் இருந்தார். ஆனால் அந்த இரண்டு மாதத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். ஆல்-ஸ்டார் இடைவேளை (ஜூலை நடுவில் வரும் சீசன் இடைவேளை) வரை 97 ஆட்டங்களில் 18 ஹோம் ரன், 25 ஸ்டீல். அதற்கப்புறம் 65 ஆட்டங்களில் 4 ஹோம் ரன், 12 ஸ்டீல். இது நாளுக்கு நாள் தேய்ந்த ஆட்டக்காரரின் கணக்கு மாதிரி இல்லையே, யாரோ ஸ்விட்சை அணைத்த மாதிரி இருக்கிறதே என்று அப்போதே எனக்கு உறுத்தியது. காரணம் சீசன் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. ஜூலை கடைசியில் இடது தொடையின் முன்பக்கத் தசையில் ஒரு பகுதி கிழிந்திருக்கிறது. அதோடுதான் மிச்ச ஆட்டங்கள் அத்தனையும் ஆடியிருக்கிறார்.

பேட்டிங்கில் பலம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பின்காலால் தரையைத் தள்ளி, முன்காலை ஊன்றி இடுப்பைத் திருப்ப வேண்டும். எல்லி இரண்டு பக்கமும் ஆடுபவர். இடது கையாக நின்றால் இடது கால் பின்கால், தள்ளுவது அதுதான். வலது கையாக நின்றால் அதுவே முன்கால், ஊன்றுவது அதுதான். எந்தப் பக்கம் நின்றாலும் அந்தக் காலிடமிருந்து தப்ப வழியில்லை. அதனால் அந்த 4 ஹோம் ரன்னை நான் தொடைத் தசையின் கணக்கில்தான் எழுதுவேன்.

கேள்வி: சரி, அப்படியானால் கால் ஆறிவிட்டால் பழைய 67 ஸ்டீல் வந்துவிடும்தானே?

பதில்: வராது. பலர் தப்பு பண்ணப்போவது இந்த இடத்தில்தான். காயத்துக்கு முந்திய 97 ஆட்டங்களை மட்டும் எடுத்து 162-க்கு நீட்டிப் பாருங்கள். ஹோம் ரன் 30 வருகிறது, ஸ்டீல் 42 வருகிறது. அதாவது, கால் நன்றாக இருந்தபோதே அவர் 67-க்கான வேகத்தில் ஓடவில்லை. 2024-இலும் அந்த 67-இல் பெரும்பகுதி முதல் பாதியிலேயே வந்துவிட்டது, பிற்பாதியில் வேகம் தணிந்துவிட்டது. அந்த வருடம் அவர் திருடப் போய்ப் பிடிபட்டது 16 தடவை. ஸ்டீலிலும் முதல் ஆள், பிடிபட்டதிலும் முதல் ஆள். அப்படி ஓடுகிற ஆளைக் கொஞ்சம் நிதானமாக ஓடு என்று எந்த அணியும் சொல்லத்தான் செய்யும்.

என் கணக்கு இது: 27 ஹோம் ரன், 40 ஸ்டீல், சராசரி .265, ரன் 100-ஐ ஒட்டி, ஆர்பிஐ (அவர் பேட்டிங்கால் அணிக்கு வந்த ரன்) 85-ஐ ஒட்டி. ஷார்ட்ஸ்டாப் இடத்திலிருந்து இதைத் தரக்கூடியவர்களைத் தேடினால் கன்சாஸ் சிட்டியின் பாபி விட் ஜூனியரைத் தாண்டி எனக்கு உடனே யாரும் ஞாபகம் வரவில்லை. ஆறாவது பிக்குக்கு இது போதும். 60 ஸ்டீல் வரும் என்று நம்பி இரண்டாவது பிக்கைக் கொடுப்பதுதான் வேண்டாம்.

கேள்வி: இந்த வருடம்தான் ஃபேன்டஸி ஆடத் தொடங்குகிறேன். ஸ்டீலுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஹோம் ரன்தானே பெரிது?

பதில்: வழக்கமான ரோட்டோவில் பேட்டர்களுக்கு ஐந்து பிரிவுகள்: சராசரி, ரன், ஹோம் ரன், ஆர்பிஐ, ஸ்டீல். ஐந்துக்கும் ஒரே எடைதான். ஹோம் ரன் அடிப்பவர்கள் நிறையப் பேர், 40 ஸ்டீல் தருபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். கிடைப்பது அரிது என்பதால் விலை கூடுகிறது. 2023-இல் பேஸின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனது, பிட்சர் (பந்து எறிபவர்) ஓட்டக்காரரை மடக்க எத்தனை தடவை முயலலாம் என்பதற்கும் வரம்பு வந்தது. மேஜர் லீக் முழுவதும் 2022-இல் 2,486 ஸ்டீல். அடுத்த வருடமே 3,503. எனவே முன்பு 20 ஸ்டீல் செய்த வேலையை இன்று 20 செய்யாது. 40 இன்னும் செய்கிறது.

அப்புறம், எல்லி எப்படி ஓடுவார் என்று தெரிய 2023 ஜூலை 8, மில்வாக்கியில் நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஏழாவது இன்னிங்ஸ். ஒரு சிங்கிள் (முதல் பேஸ் வரை போக வைக்கும் அடி) அடித்து ரன் கொண்டுவந்து முதல் பேஸில் நிற்கிறார். இரண்டாவது பேஸைத் திருடுகிறார். உடனே மூன்றாவதையும். அங்கே நின்று தூசி தட்டிக்கொண்டிருக்கிறார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், பிட்சர் எல்விஸ் பெகெரோ பந்தை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி, பந்து எறியும் மேட்டுக்குத் திரும்பி நடக்கிறார். அந்த முதுகைப் பார்த்ததும் எல்லி புறப்பட்டுவிட்டார். பெகெரோ திரும்பி எறிவதற்குள் ஹோம் பிளேட்டில் சறுக்கியாகிவிட்டது. இரண்டே பந்துகளுக்குள் மூன்று பேஸ். ரெட்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் ஒரே இன்னிங்ஸில் மூன்று ஸ்டீல் செய்தது 1919-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்த ஸ்டீல் அது ஒன்றுதான்.

கேள்வி: ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆவது) பற்றிச் சொல்லவே இல்லையே. அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: எனக்கு அவரிடம் பெரிய நம்பிக்கை தருவதே அந்த எண்தான். 2023-இல் நூறு தடவை பேட் பிடித்தால் 33.7 தடவை ஸ்ட்ரைக்அவுட். 2024-இல் 31.3. 2025-இல் 25.9. எண்ணிக்கையாகச் சொன்னால் 218-லிருந்து 181-க்கு இறங்கியது. ஏறக்குறைய அதே அளவு பேட்டிங் வாய்ப்பில் 37 அவுட் குறைந்திருக்கிறது. ஆறடி ஐந்து அங்குல உயரத்தில், அவ்வளவு நீளமான கையை வைத்துக்கொண்டு, தாழ்வாக உள்ளே வளைந்து விழும் பந்தை அடிக்காமல் விடக் கற்றுக்கொள்வது எளிதான காரியம் இல்லை. 23 வயதில் அதைச் செய்து காட்டிவிட்டார்.

ஆனால் ஒரு குறை இன்னும் பாக்கி. பந்தைத் தரையில் அடிப்பது அதிகம். 2023-இல் மைனர் லீக்கில், லூயிவில் அணிக்கு ஆடியபோது, ஒரே ஆட்டத்தில் மூன்று பந்துகளை மணிக்கு 116 மைலுக்கு மேல் அடித்தவர் அவர். அப்படிப்பட்ட பலம் உள்ளவருக்கு மேஜர் லீக்கில் 25 ஹோம் ரன்தான் இதுவரை உச்சம் என்றால், பந்து மேலே எழும்பாததுதான் காரணம். சின்சினாட்டி மைதானத்தில் வலது மூலையில் வேலி 325 அடி தூரத்தில்தான். கொஞ்சம் தூக்கி அடித்தாலே போதும், 35 வரும் வருடம் ஒன்று அவரிடம் இருக்கிறது என்று நம்புகிறேன். அது இந்த வருடமே வரும் என்று வைத்து விலை கொடுக்க மாட்டேன்.

கேள்வி: எங்களுடையது பாயின்ட்ஸ் லீக் (ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி கூட்டிக் கழிக்கும் முறை). ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஒரு பாயின்ட் கழிப்போம்.

பதில்: அப்படியானால் முதல் சுற்றில் வேண்டாம். 181 பாயின்ட் கையை விட்டுப் போகிறது. ஹுவான் சோட்டோ 2025-இல் 43 ஹோம் ரன், 38 ஸ்டீலோடு 127 வாக் (நான்கு தவறான பந்துக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) எடுத்தவர். அந்த மாதிரி லீக்கில் இருவரும் ஒரே தட்டில் நிற்க முடியாது. இரண்டாம் சுற்றில் வந்தால் பார்க்கலாம்.

கேள்வி: வலது கையாக ஆடும்போது அவ்வளவு சுகமில்லையே. இடது கை பிட்சர் வரும் நாட்களில் உட்கார வைக்கலாமா?

பதில்: அந்தப் பக்கம் பலவீனம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் உட்கார வைக்காதீர்கள். ஒரு வாக், ஒரு சிங்கிள் போதும், ஸ்டீல் வந்துவிடும். தினமும் மாற்றி மாற்றி வைத்தால் அந்த 40-இல் ஏழெட்டை நீங்களே இழப்பீர்கள்.

கேள்வி: ஃபீல்டிங்கில் 2024-இல் 29 பிழை, 2025-இல் 26 பிழை. அவரை அவுட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டால் நமக்கு நஷ்டமா?

பதில்: இந்த வருடத்துக்குக் கவலை இல்லை. போன சீசனில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடியதால் 2026 முழுக்க அவரை அந்த இடத்தில் வைக்கும் தகுதி இருக்கும். மாற்றினால் கூடுதலாக ஓர் இடம் கிடைக்கும், அது லாபம்தான்.

கேள்வி: சார், ஏலத்தில் 260 டாலர் பட்ஜெட். எல்லிக்கு எவ்வளவு வரை போகலாம்?

பதில்: நான் 39 வரை போவேன். 40 தாண்டினால் கையைக் கீழே போட்டுவிடுவேன். உங்கள் லீக்கில் யாராவது 2024-ஐ நினைத்துக்கொண்டு 46, 47 என்று ஏற்றிக்கொண்டே போனால் போகட்டும். அந்த மிச்சத்தில் இரண்டு பிட்சர் வாங்கலாம். ஏலத்தின் தொடக்கத்திலேயே அவர் பெயர் வந்தால் விலை சற்றுக் குறைவாக முடியும், எல்லோரும் பணத்தைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: எங்களுடையது கீப்பர் லீக் (ஆட்டக்காரர்களை அடுத்த வருடங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம்). எல்லியைத் தருகிறேன், கோர்பின் கேரலைத் தா என்கிறார் நண்பர். கேரல் 2025-இல் 31 ஹோம் ரன், 32 ஸ்டீல்.

பதில்: தள்ளாமல் வாங்குங்கள். கேரல் ஒன்றரை வயது மூத்தவர், அவுட்ஃபீல்டர். நான்கைந்து வருடக் கணக்கு என்றால் எனக்கு எல்லிதான் வேண்டும். ஆனால் உங்கள் அணி இந்த வருடமே கோப்பைக்கு ஆடுகிறது என்றால் இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய தூரம் இல்லை. பக்கத்தில் ஒரு நல்ல பிட்சரும் சேர்த்துத் தந்தால் கேரலைக் கொடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் டிரெய்னிங் (சீசனுக்கு முந்திய பயிற்சி) ஆட்டங்களில் எதைப் பார்ப்பது? அங்கே .180 அடித்தால் பயப்பட வேண்டுமா?

பதில்: சராசரியைப் பார்க்கவே வேண்டாம். காலைப் பாருங்கள். அவர் முதல் பேஸில் நிற்கும்போது வேறொருவர் வலது பக்கம் சிங்கிள் அடித்தால், எல்லி இரண்டாவது பேஸைத் தாண்டி வளையும் விதத்தைக் கவனியுங்கள். நல்ல காலில் அவர் அங்கே வேகம் குறைக்க மாட்டார், உடம்பை உள்பக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே மூச்சில் மூன்றாவதுக்குப் போவார். வளைவில் இரண்டு குட்டி அடி வைத்தால், அல்லது தரையில் உருளும் பந்துக்கு முதல் பேஸ் வரை முழு வேகத்தில் ஓடாமல் விட்டால், எனக்குச் சந்தேகம் வரும். மார்ச் கடைசி வாரத்தில் டிராஃப்ட் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பார்க்க நேரம் இருக்கிறது. பிப்ரவரியிலேயே டிராஃப்ட் வைத்திருப்பவர்கள் 39-க்குப் பதில் 36 டாலரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.