பாப்பாவ கலாக்ஷேத்ரா நாட்டிய நாடகத்துக்கு கூட்டிட்டு போலாமா?
அஞ்சு வயசு பொண்ணு, முட்டிவலி மாமியார், ஃப்ரெண்ட்ஸ் ஃபேமிலின்னு ஒன்பது பேரா திருவான்மியூர் கலாக்ஷேத்ரா டான்ஸ் ஸ்கூலுக்கு போறோம், பாப்பா ராமாயணத்துக்கு உக்காருவாளான்னு கேட்டிருந்தீங்கல்ல, தாராளமா கூட்டிட்டு போங்க சிஸ். முதல் நாள் ராத்திரியே கதைய சொல்லிடுங்க, எங்க வீட்டு வாண்டு ஜடாயு வந்ததும் "அம்மா பறவ பறவ"ன்னு கத்தி முன்வரிசை மாமி திரும்பி மொறச்சாங்க, ஆனா கடைசி வரைக்கும் தூங்கவே இல்ல. எல்லாருக்கும் ஒரே வரிசைதான்னு அடம் பிடிக்காதீங்க, பாப்பா, மாமியார், நீங்க மூணு பேரும் ஓரத்து சீட்டு, எந்திரிச்சு போக வர ஈஸி. ரொம்ப முன்னாடியும் வேணாம், குரூப்பா ஆடுறது கொஞ்சம் தள்ளி இருந்தாதான் முழுசா தெரியும். மரம் ஜாஸ்தி, ஓடோமாஸ் மறக்காதீங்க. அப்புறம் உங்க ஃப்ரெண்டு இந்த நாட்டிய நாடகம் வெஸ்டர்ன் பாலே டான்ஸ் மாதிரியான்னு கேட்டாங்களே, 1936ல கலாக்ஷேத்ராவ ஆரம்பிச்ச ருக்மிணி தேவியே பரதத்துக்கு முன்னாடி பாலே கத்துக்கிட்டவங்கதான்.