சமர்கண்டும் மண்மேடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் பயணக்குறிப்பைப் படித்துவிட்டுத்தான் நானும் கணவரும் உஸ்பெகிஸ்தானில் இருக்கிற சமர்கண்ட் போனோம். மூன்று நாள் இருந்தோம். ரெஜிஸ்தான் சதுக்கம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே நேற்றுப் பூசியதுபோல இருந்தது, மதரஸா அறைகளில் எங்கு பார்த்தாலும் நினைவுப்பொருள் கடை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஜவுளி வியாபாரம், அதனால் பட்டுப்பாதை வணிகர்களின் ஊரைப் பார்க்கப் போகிறேன் என்று நிறைய ஆசையோடு போனேன். அந்த வியாபாரிகள் எனக்கு எங்கேயும் தென்படவில்லை. எதையாவது தவறவிட்டுவிட்டேனா?

கவிதா, ஈரோடு

அன்புள்ள கவிதா,

ஆமாம், தவறவிட்டுவிட்டீர்கள். முதல்முறை போனபோது நானும் அப்படித்தான் திரும்பி வந்தேன். மனதில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது, நான்கு வருடம் கழித்து மறுபடி போனபோதுதான் அது தீர்ந்தது.

ரெஜிஸ்தான் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. மூன்று மதரஸாக்களில் தைமூரின் பேரன் உலுக் பெக் கட்டியது 1420-ல் முடிந்தது, மற்ற இரண்டும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நிலநடுக்கங்களில் ஆட்டம் கண்டு, ஓடுகள் உதிர்ந்து கிடந்தவற்றை சோவியத் காலத்தில்தான் பெரும்பாலும் எடுத்துக் கட்டினார்கள். சாய்ந்து நின்ற ஒரு மினாரை 1932-ல் பிரிக்காமல் அப்படியே நிமிர்த்தியிருக்கிறார்கள், அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. ஆனால் யாரும் கைவைக்காமல் விட்டிருந்தாலும் நீங்கள் தேடிய வியாபாரிகள் அங்கே கிடைத்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய ஊர் வேறு இடத்தில் இருக்கிறது. 1220-ல் செங்கிஸ்கான் படை வந்து அதை அழித்தது. பிறகு ஜனங்கள் தெற்கே தள்ளிக் குடியேறினார்கள், தைமூரும் அவன் வம்சமும் கட்டியதெல்லாம் அந்தப் புது ஊரில்தான்.

பழைய ஊர் அஃப்ராசியாப் என்கிற மண்மேடாகக் கிடக்கிறது, 200 ஹெக்டேருக்கு மேல் வரும். ரொட்டி வாங்க சியாப் பஜாருக்குப் போயிருப்பீர்கள், ஷாஹி ஜிந்தா கல்லறைகளுக்கும் போயிருப்பீர்கள். அதன் பின்னால் மொட்டையாக ஒரு மேடு தெரியுமே, அதுதான். நான் போனது ஏப்ரல் மாதம். புல் பச்சையாக இருந்தது, அங்கங்கே தோண்டிவிட்ட பள்ளங்கள், ஒரு கிழவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார், கால் வைக்கிற இடமெல்லாம் ஓட்டாஞ்சில்லு. ஒன்றை எடுத்துப் பார்த்தேன், உட்பக்கம் குயவரின் விரல் போன தடம் வரிவரியாக இருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மேட்டின் ஓரத்தில் சிறிய மியூசியம் ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். 1965-ல் சாலை போடும்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு கூடம் வெளிப்பட்டது. ஏழாம் நூற்றாண்டுக் கூடம், சுவர் முழுக்க ஓவியம், வர்குமான் என்கிற அரசனின் காலம். பல இடங்களிலிருந்து வந்த தூதர்கள் வரிசையாக வருகிறார்கள். சீனர்கள் கையில் பட்டு ஏந்தி நிற்கிறார்கள், உங்கள் வீட்டுத் தொழிலின் சரக்கு அது. ஒருவருடைய வெள்ளை அங்கியின் மேலேயே சோக்தியன் எழுத்தில், அதாவது அன்றைய சமர்கண்ட் மக்களின் எழுத்தில், அவர் பேச்சை எழுதி வைத்திருக்கிறார்கள். சகானியான் நாட்டுத் தூதர் அவர். என்னைப் பற்றிச் சந்தேகம் வேண்டாம், சமர்கண்டின் தெய்வங்களையும் தெரியும், சமர்கண்டின் எழுத்தும் தெரியும் என்கிறார். அசலூர்க்காரன் ஒருவன் உங்கள் எழுத்து எனக்குத் தெரியும் என்று சொல்லித்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது என்றால் அந்த ஊருக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் பாருங்கள்.

சோக்தியர்கள் என்று சொன்னேன் அல்லவா, நீங்கள் தேடிப்போனது இவர்களைத்தான். சீனாவின் உள்நகரங்கள் வரை இவர்களுக்குக் குடியிருப்புகள் இருந்தன. குழந்தை பிறந்தால் வாயில் கற்கண்டு வைப்பார்கள், உள்ளங்கையில் பசை தடவுவார்கள், பேச்சு இனிக்க வேண்டும், காசு கையில் ஒட்ட வேண்டும் என்று சீனர்கள் இவர்களைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் சேனை வைக்கிற மாதிரிதான்.

அப்புறம் கடிதங்கள். 1907-ல் ஆரல் ஸ்டைன் என்கிற தொல்லியல் ஆய்வாளர் சீனாவின் துன்ஹுவாங்குக்கு மேற்கே இடிந்த காவற்கோபுரம் ஒன்றில் சோக்தியன் கடிதக் கட்டு ஒன்றைக் கண்டெடுத்தார். கிட்டத்தட்ட கி.பி. 313-ல் எழுதியவை, எதுவுமே போய்ச் சேரவில்லை. அதில் ஒன்று பட்டில் சுற்றி, மேலே முரட்டுத்துணி உறை போட்டு, சமர்கண்டுக்கு என்று முகவரி எழுதியது. நனை-வந்தக் என்கிற வியாபாரி ஊரிலிருக்கும் தன் முதலாளிக்கு எழுதுகிறார். சீனத் தலைநகர் லோயாங் எரிந்துவிட்டது, சக்கரவர்த்தி ஓடிவிட்டார், அங்கிருந்த இந்தியர்களும் சோக்தியர்களும் பட்டினியிலேயே செத்துப்போனார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். தானும் பிழைப்பது சந்தேகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் கணக்குக்கு வருகிறார். ஊரில் தான் விட்டு வந்த பணத்தை முதல் போட்டுப் பெருக்கி, தக்ஸிச்-வந்தக் என்கிற அநாதைப் பையனுக்குக் கொடுக்க வேண்டும். அவன் பெரியவனானதும் கல்யாணம் செய்து வையுங்கள், உங்கள் பக்கத்தை விட்டு அவனை அனுப்பாதீர்கள் என்கிறார். 32 கஸ்தூரிப் பைகள், அதை ஐந்து பங்காகப் பிரித்து மூன்று பங்கு அந்தப் பையனுக்கு.

இதை நான் அந்த மேட்டின் மேல் உட்கார்ந்து, போனில் படித்தேன். நிக்கலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்திலேயே கிடைக்கிறது. அந்தக் கஸ்தூரி வந்து இறங்கியிருக்க வேண்டிய ஊரின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன், பையன் எங்கோ இந்தப் பள்ளத்துக்குள் ஒரு தெருவில் வளர்ந்திருப்பான், கடிதம் அவனுக்கு வரவே இல்லை. வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மனம் வரவில்லை. அதே கடிதக் கட்டுக்குள் மிவ்னாய் என்கிற பெண்ணின் கடிதமும் இருக்கிறது. கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான், கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருக்கலாம் என்று அவனுக்கே எழுதுகிறாள். வியாபாரக் குடும்பத்தில் பிறந்த நீங்கள் இந்த இரண்டையும் அவசியம் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அடுத்த முறை போனால் ரெஜிஸ்தானிலிருந்து சியாப் பஜாருக்கு நடந்தே போங்கள். வழியில் பழைய குடியிருப்புகளை மறைத்து ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை, ஆனால் அதில் கதவுகள் உண்டு, தாராளமாக உள்ளே போகலாம். பஜாரில் குழந்தை வண்டியில் ரொட்டி அடுக்கிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள், நடுவில் அச்சுக் குத்திய கனமான ரொட்டி, ஒன்று வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். காலையிலேயே போவது நல்லது, மேலே நிழல் கிடையாது.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் பஞ்சகெண்ட். கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர், தஜிகிஸ்தான் எல்லைக்கு அந்தப் பக்கம். பல வருடம் மூடிக்கிடந்த அந்த எல்லையை 2018-ல் திறந்துவிட்டார்கள். அங்கே சோக்தியர்களின் தெருக்களையும் வீடுகளையும் தோண்டி அப்படியே விட்டிருக்கிறார்கள், சுவர்களுக்கு நடுவே நடக்கலாம். திரும்ப சமர்கண்ட் வர வேண்டியிருக்கும், அதனால் உஸ்பெக் விசா எடுக்கும்போது இரண்டு முறை நுழைகிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.