வாவிக்கரையில் கணக்கா?

கேள்வி: என் மகள் தரம் 4 படிக்கிறாள். அவளுடைய வகுப்பு ரீச்சர் வாரத்தில் ஒருநாள் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போய், முடிச்சுப் போட்ட கயிற்றால் தோணிகளை அளக்கவைக்கிறார். அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. மற்றப் பள்ளிக்கூடங்களில் இப்போதே மொடல் பேப்பர் ஓடுகிறது. அதிபரிடம் முறையிடலாமா?
– ஒரு தகப்பன், கல்லடி

பதில்: தாராளமாக முறையிடலாம். ஆனால் என்னவென்று முறையிடுவீர்கள்? பிள்ளைக்கு மீட்டர் என்றால் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது என்றா?

எங்கள் பக்கத்து வீட்டுச் சின்னவள் போன வருடம் பரீட்சை எழுதியவள். கெட்டிக்காரி. இரண்டு இடத்தில் ரியூஷன், ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. ஒருநாள் மீன் சந்தைக்கு என்னோடு வந்தாள். இறால் கிலோ 1,600 ரூபாய். "கால் கிலோ எவ்வளவு மகள்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "விடைகளைச் சொல்லுங்க மாமா, எது சரியெண்டு சொல்றன்" என்றாள். இறால்காரர் தராசைப் பிடித்தபடியே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் ரீச்சரின் கயிற்றுக்கு வருவோம். ஐந்து முடிச்சைத் தாண்டும், ஆறாவது முடிச்சுக்கு முன்னமே தோணி முடிந்துவிடும். மிச்சத்தை எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் அடிபடுவார்கள். அந்தச் சண்டையில்தான் பின்னம் எதற்கென்று விளங்கும். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. மறைந்துபோன யாழைக் கணக்குப் போட்டுத் தேடித்தான் யாழ்நூல் எழுதினார். கயிறும் நரம்பும் கணக்குக்குப் புதிதல்ல.

இன்னொன்று. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் இந்தப் புலமைப்பரிசில் வந்ததே, காசில்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளையை மத்திய கல்லூரிக்கு எடுத்து, விடுதியில் வைத்துப் படிப்பிக்கத்தான். வந்தாறுமூலையில் அப்படியொரு மத்திய கல்லூரி இருந்தது. 1981இல் அங்கே தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிதான் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கென்று திறந்த வாசலில் இன்று ரியூஷன் காசோடு முண்டியடிப்பது யார்? நாம்தான், என்னையும் சேர்த்து.

மொடல் பேப்பர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரம் 5இல் செய்யட்டும், கேள்வியின் போக்குப் பிடிபட அது போதும்.

சரி, அதிபரிடம் போவதென்று முடிவெடுத்துவிட்டால் போங்கள். ரீச்சர் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார், வகுப்புக்கு நல்ல அளவுநாடா இரண்டு வாங்கிக் கொடுங்கள் என்று கேளுங்கள்.