கையை நீட்டியதே ஒப்புதல்

கேள்வி: எங்கள் ஊர்ப் பொங்கல் கைப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், பிளாக் செய்த, அதாவது எதிரணி அடித்த பந்தை வலையருகே எழும்பித் தடுத்த, வீரரின் கை வலையில் பட்டதாகக் கீழே நின்ற இரண்டாம் நடுவர் விசில் ஊதினார். மேலே நின்ற முதல் நடுவரோ வலையைச் சுட்டிக்காட்டாமல், எதிரணியின் பக்கம் கையை நீட்டியதோடு சரி. அவர் பார்க்காததால் பாயின்ட் செல்லாது என்று பெரிய வாக்குவாதம் நடந்தது. நடுவர்களுக்குள் கருத்து வேறுபாடு என்பதுதானே இதன் பொருள்? இன்னொரு முறை, இரண்டாம் நடுவர் விசில் ஊதாமலே நெஞ்சருகே நான்கு விரல்களைக் காட்டினார். அது எதற்காக?

பதில்: கருத்து வேறுபாடு எதுவும் இல்லை, இருவரும் முறைப்படியே நடந்திருக்கிறார்கள். சர்வதேசக் கைப்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, விசில் ஊதியவர்தான் தவறு இன்னதென்று காட்ட வேண்டும். முதல் நடுவர் ஊதினால், அடுத்து சர்வீஸ் போட வேண்டிய அணியின் பக்கம் முதலில் கையை நீட்டிவிட்டு, பிறகு தவறையும், தேவைப்பட்டால் தவறு செய்த வீரரையும் காட்டுவார். இரண்டாம் நடுவர் ஊதும்போது வரிசை மாறிவிடுகிறது: முதலில் தவறையும் அடுத்து வீரரையும் காட்டிவிட்டு, நிமிர்ந்து முதல் நடுவரைப் பார்த்து, அவர் கை நீண்ட பக்கமே தம் கையையும் நீட்டுவார். அப்போது முதல் நடுவர் தவறைத் திரும்பக் காட்டுவதில்லை. நீட்டிய அந்தக் கையே அவருடைய ஒப்புதல். இரண்டாம் நடுவர் தவறிவிட்டார் என்று அவர் கருதியிருந்தால், அந்த முடிவை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இந்த வேலைப் பிரிவினைக்குக் காரணம் கண் நிற்கும் இடம். முதல் நடுவரின் பார்வை வலையின் மேல்விளிம்புக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, பந்தையும் அடிப்பவரையும் தொடர்கிறது. பந்து பறந்த பிறகும் பிளாக் செய்தவரின் கை வலையை உரசுகிறதா, கால் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்று அங்கேயே பார்த்து நிற்பவர் இரண்டாம் நடுவர். பந்தின் பின்னே கண் ஓடாமல் அதை அடக்கி வைப்பது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தவர்களுக்கே தெரியும்.

நான்கு விரல்கள், ஓர் அணி பந்தை நான்கு முறை தொட்டுவிட்டது என்பதற்கான குறிப்பு. அதற்கு விசில் ஊதும் உரிமை இரண்டாம் நடுவருக்கு இல்லை. ஆகவே முதல் நடுவரின் கண்ணில் மட்டும் படும்படி அடக்கமாகக் காட்டுகிறார். அவர் ஏற்காவிட்டால் வற்புறுத்தவும் கூடாது. கோட்டு நடுவர்களுக்கும் இந்த நேர்மை உண்டு: பந்து விழுந்த இடம் மறைந்துவிட்டால் கொடியை ஊகித்து உயர்த்தாமல், இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துத் தெரியவில்லை என்று காட்டுவார்கள். எனக்கு மிகவும் பிடித்த சைகை அது.

அன்று வாதிட்ட அணியில் விளக்கம் கேட்கும் உரிமை, களத்தில் இருந்த கேப்டனுக்கு மட்டுமே இருந்தது. விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், ஆட்டம் முடிந்தபின் ஸ்கோர் தாளில் ஆட்சேபத்தைப் பதிவு செய்யப்போவதாக அவர் அப்போதே முதல் நடுவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும்.