பிடித்த பாட்டைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்?

கேட்டவர் எழுதியிருப்பது இது: அலுவலகத்தில் யாராவது "உங்களுக்கு எந்த மாதிரி பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால், தனக்கு உயிரான தொண்ணூறுகளின் டவுன் பஸ் பாட்டுகளை மறைத்துவிட்டு வேறு பெயர்களைச் சொல்கிறாராம். ரசனையை மாற்றிக்கொள்ளப் பார்த்தும் முடியவில்லையாம். என்ன செய்யலாம் என்கிறார்.

மாற்றிக்கொள்ளாதீர்கள். நான் பத்து வருடம் முயன்றவள், அதனால் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பள்ளிகொண்டா பக்கம். 1997 முதல் 1999 வரை பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்க தினமும் வேலூருக்கு பஸ். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் நீள சீட்டில் இடம் பிடித்துவிட்டால் அன்றைய நாளே நல்ல நாள். அவரிடம் ஏழெட்டு கேசட்டுகள் இருந்தன, எல்லாம் கடையில் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்தவை. எந்த ஊருக்கு எந்தப் பாட்டு வரும் என்று எங்களுக்கு மனப்பாடம். பொய்கை வரும்போது கேசட்டைத் திருப்பிப் போடுவார். செவ்வாய்க்கிழமை மட்டும் அந்தக் கணக்கு தப்பும். அன்றைக்குப் பொய்கையில் மாட்டுச் சந்தை, வண்டி நகராது, அங்கேயே இரண்டு பாட்டு கூடுதலாக ஓடிவிடும்.

அந்தப் பாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புல்லாங்குழலில் தொடங்கும். பின்னாலேயே தபேலாவும் டோலக்கும் சேர்ந்துகொள்ளும். சரணம் முடிகிற இடத்தில் வயலின்கள் கூட்டமாக மேலே ஏறும், பாடுகிறவர் குரல் அதற்கும் மேலே ஏறும். இன்ஜின் சத்தம், கண்டக்டர் விசில், பேச்சு எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கிற பாட்டுகளாகத்தான் அந்த டிரைவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பல்லவியை ஒரு தடவை கேட்டாலே கூடப் பாட வந்துவிடும். அப்படி ஒரு பல்லவி போடுவது லேசான வேலை என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் சென்னையில் ஹாஸ்டல். முதல் வாரமே ஒருத்தி என்ன பாட்டு பிடிக்கும் என்று கேட்டாள். நான் பாடியே காட்டினேன். அறையே சிரித்தது. "இதெல்லாம் லாரியில போடுற பாட்டுடி" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது பாட்டைச் சொன்ன மாதிரி இல்லை. எங்கள் பஸ்ஸை, எங்கள் ஊரை, காலையில் அந்தப் பாட்டோடு வேலைக்குப் போகிற என் நைனாவைச் சொன்ன மாதிரி இருந்தது. அதற்கப்புறம் யார் கேட்டாலும் கச்சேரிகளையும் ஆங்கிலப் பாடகர்களையும் சொல்லப் பழகிக்கொண்டேன். அவர்களைத் தேடித் தேடிக் கேட்டதில் சில உண்மையாகவே பிடித்துப்போயின, இன்றும் கேட்கிறேன். ஆனால் தனியாகச் சமைக்கும்போது வாயில் வந்தது பஸ் பாட்டுதான். மறைக்கிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. கடைசியில் ஸ்பாட்டிஃபை வந்தபோது, நான் கேட்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்க பிரைவேட் செஷனைப் போட்டுவிட்டுக் கேட்டிருக்கிறேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பரிசோதனைக் கூடத்தில் நல்ல வேலையில் இருக்கிற வயதில்!

இந்த மறைப்பை நிறுத்த வைத்தது என் அத்தை. ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். விடியற்காலையில் மைக்செட்டில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அத்தை கோலம் போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்தம்மா சினிமாவுல பாடுன டான்ஸ் பாட்டை நாங்க வயசுல முணுமுணுத்தாலே வூட்ல அடி வுழும். இப்ப பாரு, சாமியையே இந்தம்மா குரல்தான் எழுப்புது." அவர் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. அடுத்த புள்ளி வைக்கப் போய்விட்டார். நான்தான் நின்றுவிட்டேன். கிளப் டான்ஸ் பாட்டு பாடியதும் அம்மனைக் கூப்பிட்டதும் ஒரே தொண்டை. வெட்கம் பாட்டில் இருந்திருந்தால் அந்தக் குரலோடு அதுவும் கோயிலுக்குள் வந்திருக்க வேண்டுமே.

கூத்தும் அப்படித்தான். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் இரவெல்லாம் கூத்து நடக்கும். என் பெரியப்பா முகவீணை வாசிப்பார், அது நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்ன குழல். மைக் இல்லாத காலத்திலிருந்து வந்த பாட்டு அது, கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும் என்பதால் உச்ச சுருதி. "ஏன் இப்படிக் கத்துகிறார்கள்?" என்று படித்த சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். அதே கூத்தைத் தேடித்தான் 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி, அப்போது வடாற்காட்டில் இருந்த புரிசைக்குப் போனார். அங்கே கூத்தாடிய கண்ணப்ப தம்பிரானை ஆசிரியராக ஏற்றார். கூத்தின் சுருதி அங்கே அரை இழை கூடக் குறையவில்லை, கேட்கிறவர்கள் காதுதான் மாறியது.

நாளைக்கு யாராவது மதிப்பார்கள் என்பதற்காக இப்போதே கேளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த பஸ் பாட்டுகளில் பலவற்றை யாரும் எப்போதும் மதிக்காமலே போகலாம். எனக்குப் பிடிக்கும், அது போதும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் என்னையே கேட்டுக்கொண்டேன். காதல் தோல்விப் பாட்டுகளில் சில, விட்டுப்போன பெண்ணைக் கேவலமாகத் திட்டும். மெட்டு நன்றாக இருக்கும், ஆனால் என் மகள் பக்கத்தில் இருக்கும்போது அந்த வரிகளை என்னால் பாட முடியவில்லை. அவற்றை விட்டுவிட்டேன். யாரும் சிரிப்பார்கள் என்று விடவில்லை, எனக்கே ஒப்பவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தால் அதைத் தனியாக யோசியுங்கள், கூச்சத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை அலுவலகத்தில் கேட்டால் ஒரே ஒரு பாட்டின் பெயரையாவது சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது, ராணிப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு சகோதரி அதன் சரணத்தைப் பாடியே முடித்துவிட்டார். நாங்கள் இருவரும் இரண்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தும் இது தெரியாமல் இருந்திருக்கிறோம்.

இப்போது அந்த டிரைவர் போட்ட வரிசையிலேயே பாட்டுகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். பொய்கை வரைக்கும் உள்ள பக்கம் முடிந்துவிட்டது. திருப்பிப் போட்ட பக்கத்தில் கொணவட்டம் தாண்டியதும் ஒன்று வரும், பெண் குரல், ஆரம்பத்தில் வீணை, வேலூர் கோட்டை வரும்போது முடியும். வார்த்தை மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் அந்த வழியில் போன யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.